தொட்டியைத் தூக்கிப் பார், கண்ணு

எங்கள் நடுநிலைப் பள்ளி அஸ்தம்பட்டியில் இருக்கிறது. வகுப்பறை ஜன்னலைத் திறந்தால் சேர்வராயன் மலை பச்சையாகத் தெரியும். காலடியில் மட்டும் ஒரு சாண் மண் தெரியாது. வளாகம் முழுக்கச் சிமெண்டுத் தளம். மூலையில் ஒரு வேப்பமரம், அதைச் சுற்றி ஒரு மேடை, அவ்வளவுதான். சுற்றுச்சூழல் மன்றத்தின் பொறுப்பு என்னிடம் வந்தபோது தொட்டிச் செடியைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

ஏழாம் வகுப்பில் 32 பிள்ளைகள். ஆளுக்கொரு தொட்டி கொண்டுவரச் சொன்னேன். பெயிண்ட் வாளி, எண்ணெய் டின், உடைந்த குடம், சிமெண்டுச் சாக்கு என்று எல்லாம் வந்து சேர்ந்தன. செம்மண்ணை நிரப்பி, கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுகளை நட்டோம். ஜூலை முடிவதற்குள் 11 செடிகள் செத்துவிட்டன. ஒரு மாணவிக்கு மட்டும் மூன்று முறை மாற்று நாற்று கொடுத்தும் மூன்றும் போயின.

மூன்றாவது நாற்றும் வாடிக் கிடந்த அன்று நான் சிரித்துக்கொண்டே, "என்னம்மா, உன் கைராசி அப்படி இருக்கே!" என்று சொல்லிவிட்டேன். வகுப்பும் சிரித்தது. நம் வீடுகளில் நாளைக்கு நாலு தடவை சொல்லும் வார்த்தைதான். ஆனால் இரண்டு நாள் கழித்து, ஈரத்துணியில் பச்சைப்பயறு வைத்து முளைக்கட்டும் செயல்பாட்டின்போது அந்தப் பெண் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "நான் தொட்டா முளைக்காது டீச்சர். நீங்களே வச்சிருங்க" என்றாள்.

அறிவியல் ஆசிரியராகப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்க்கிறேன். மூடநம்பிக்கை பற்றி வழிபாட்டுக் கூட்டத்தில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். ஒரு குழந்தையின் மனதில் அதை நட்டது நானே. அது நன்றாக வேர் பிடித்தும்விட்டது.

செத்த செடிகளைக் கொட்டிப் பார்த்தோம்

அடுத்த அறிவியல் பாடவேளையில் பழைய செய்தித்தாளை விரித்து, செத்த 11 செடிகளையும் மண்ணோடு கவிழ்த்துக் கொட்டினோம். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர்கள் பெரும்பாலான தொட்டிகளில் பழுப்பாக, விரலால் இழுத்தால் தோல் உரிந்துவருகிற மாதிரி இருந்தன. சாக்கடை வாடை வேறு. மேல்மண் வெடித்துக் காய்ந்திருந்தது. அடிமண் களிபோல் பிசுபிசுத்தது. தாகத்தால் செத்தவை இரண்டே இரண்டு.

இதை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பள்ளித் தோட்டங்களில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். வேருக்கும் சுவாசம் உண்டு. மண் துகள்களுக்கு இடையில் உள்ள காற்றிலிருந்துதான் அது ஆக்சிஜனை எடுக்கிறது. அந்த இடைவெளி முழுக்கத் தண்ணீர் நின்றால் வேர் மூச்சுத் திணறுகிறது. சுவாசம் நின்ற வேரால் நீரை உறிஞ்ச முடியாது. ஆகவே தண்ணீரில் நின்றபடியே இலை தொங்குகிறது. பார்க்கிறவர் கண்ணுக்கு அது தாகமாகவே தெரியும். இன்னொரு குவளை ஊற்றுவார். அதோடு கதை முடிந்தது.

பிறகு கரும்பலகையில் வளாகத்தின் வரைபடம் போட்டு, எந்தத் தொட்டி எங்கே இருந்தது என்று குறித்தோம். செத்த 11-இல் 7 தொட்டிகள் குழாயடி வரிசையில் இருந்தவை. அந்த மாணவியின் வாளி வரிசையில் முதலாவது, குழாயை ஒட்டினாற்போல். சத்துணவு முடிந்து கை கழுவ வரும் பிள்ளைகள் எல்லோரும் குடிநீர் பாட்டிலில் மிச்சம் இருப்பதை அந்த வாளியில்தான் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று நாம்தானே சொல்லிக் கொடுத்தோம்! போதாததற்கு, அவள் வீட்டில் ஆணியைக் காய்ச்சிப் போட்டுவந்த துளைகள் ஊசிமுனை அளவு. மண் அடைத்துக்கொண்டு எல்லாம் மூடிவிட்டன.

வகுப்பின் முன்னால் நின்று, "கைராசின்னு நான் சொன்னது தப்பு. வாளி இருந்த இடமும் அடித்துளையும்தான் காரணம்" என்று அந்த மாணவியிடம் சொன்னேன். அவள் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, "அப்ப மிச்சத் தண்ணிய எங்க ஊத்துறது டீச்சர்?" என்று கேட்டாள். மறுநாளே குழாயடியில் மூடி போட்ட ஒரு பெரிய வாளி வைத்தோம். மிச்சத் தண்ணீர் அதில் சேரும். அதிலிருந்து எடுத்துத்தான் செடிக்கு ஊற்ற வேண்டும்.

ஸ்பாஞ்சு சொன்ன பாடம்

துளையைப் பெரிதாக்கினால் மட்டும் போதுமா? சுண்டுவிரல் நுழையும் அளவில் நாலைந்து துளைகள் போட்ட பிறகும் சில தொட்டிகளின் அடிப்பகுதி ஈரமாகவே இருந்தது. காரணம் புரிய ஒரு எளிய செயல்பாடு செய்தோம். பாத்திரம் தேய்க்கும் செவ்வக ஸ்பாஞ்சு ஒன்றும் ஒரு தட்டும் போதும்.

ஸ்பாஞ்சை நன்றாக நனைத்து, இரண்டு உள்ளங்கைகளில் படுக்கை வாட்டத்தில் பிடிக்க வேண்டும். நீர் சொட்டுவது முற்றிலும் நிற்கும்வரை காத்திருங்கள். இப்போது பிழியாமல், அதை நீளவாக்கில் செங்குத்தாக நிறுத்துங்கள். மறுபடியும் தண்ணீர் கொட்டும். பிள்ளைகளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஸ்பாஞ்சு அதேதான், நுண்துளைகளும் அவையேதான். உயரம் மட்டுமே மாறியது.

மண்ணின் நுண்துளைகள் தண்ணீரைப் பிடித்துவைக்கின்றன. புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. அடியில் ஓர் அடுக்கில் இந்தப் பிடிப்பு வென்று, நீர் வடியாமல் நின்றுவிடுகிறது. அந்த அடுக்கின் உயரம் மண்கலவையைப் பொறுத்தது, தொட்டியின் உயரத்தைப் பொறுத்தது அல்ல. 4 அங்குல ஆழத் தட்டில் பெரும்பகுதி அந்த ஈர அடுக்காகவே போய்விடும். 12 அங்குல வாளியில் அடிப்பகுதி மட்டும் ஈரமாக இருக்க, மேலே வேருக்குக் காற்றோட்டமான இடம் மிஞ்சும். நிலத்தில் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே மண் கீழே தொடர்ந்து போவதால் நீரும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. தொட்டியைச் சின்ன நிலம் என்று நினைத்து நாம் ஏமாறுவது இங்கேதான்.

தொட்டிக்கு அடியில் இரண்டு அங்குலம் ஜல்லி போட்டால் நீர் நன்றாக வடியும் என்பது பரவலான நம்பிக்கை. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களின் மேல்பாகத்தை வெட்டி, அடியில் துளையிட்டு, ஒன்றில் ஜல்லி மேல் மண்ணும் மற்றொன்றில் மண் மட்டுமாகவும் நிரப்பி ஒரே அளவு நீர் ஊற்றிப் பாருங்கள். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகள் உள்ள ஜல்லிக்குள் நீர் எளிதில் இறங்காது. மண் முழுக்க நிறைந்த பிறகே இறங்கும். ஈர அடுக்கு ஜல்லிக்கு மேலே, அதாவது வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து நிற்கும். மண் வெளியேறாமல் இருக்கத் துளைமேல் ஓர் ஓட்டுச்சில்லை வைத்தால் போதும்.

கலவை

வெறும் செம்மண் தொட்டியில் இறுகிக் கல்லாகிவிடும். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம், இவற்றோடு தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. இதுதான் எங்கள் கணக்கு. மாடியில் வைப்பதானால் எடை கருதிச் செம்மண்ணைக் குறைத்து நார்க்கழிவைக் கூட்டலாம். கலவை சரியா என்று பார்க்க, ஈரமாக்கி ஒரு பிடி பிடித்துப் பாருங்கள். உருண்டையாக நிற்க வேண்டும்; விரலால் தட்டினால் உதிர வேண்டும். கொழுக்கட்டை மாதிரி அப்படியே நின்றால் மண் அதிகம்.

நார்க்கழிவில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று உப்பு. கட்டியை ஊறவைத்ததும் டீ நிறத்தில் நீர் இறங்கும். அது வெளுக்கும்வரை இரண்டு மூன்று முறை அலசிக் கொட்டிவிடுங்கள். மற்றொன்று, மக்காத நார்க்கழிவு. அதில் கார்பன் மிக அதிகம், நைட்ரஜன் மிகக் குறைவு. மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் செடிக்குரிய நைட்ரஜனையும் எடுத்துக்கொள்வதால் இலை மஞ்சளாகும். சிப்பிக்காளானைக் கொண்டு இதை மக்கச் செய்யும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரப்பியிருக்கிறது. மக்கிய நார்க்கழிவு கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

பக்கத்தில் நாமக்கல் இருப்பதால் எங்கள் பிள்ளைகளில் ஒருவன் ஒரு மூட்டை கோழி எருவைப் பெருமையோடு கொண்டுவந்தான். புதிய கோழி எருவைத் தொட்டியில் போடவே கூடாது. அதிலிருந்து கிளம்பும் அம்மோனியாவும் உப்பும் இளவேரைக் கருக்கிவிடும். நிலத்தில் பரந்துபோகும் சூடு தொட்டியில் போக இடமில்லாமல் நிற்கும். பையன் முகம் வாடிவிடக்கூடாது என்று, அந்த மூட்டையை வேப்பஞ்சருகோடு கலந்து மூலையில் மக்கவைத்தோம். சில மாதம் கழித்து வாடையே இல்லாமல் கறுப்பாக வந்தது.

தராசு வந்தது

எப்போது தண்ணீர் ஊற்றுவது? "தினமும் காலையில் ஒரு குவளை" என்பது பதில் அல்ல. மேல்மண்ணைப் பார்த்தும் சொல்ல முடியாது என்று செத்த செடிகளே காட்டிவிட்டன. பழைய பேப்பர் கடைக்காரர்கள் வைத்திருக்கும் கொக்கித் தராசு ஒன்று வாங்கினேன். செலவு அதற்கு மட்டும்தான்.

தொட்டியை எடைபோட்டுச் செடியை அறிந்தவர்கள் நமக்கு முன்னால் இருக்கிறார்கள். பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த வான் ஹெல்மாண்ட், 200 பவுண்டு உலர்மண் நிரப்பிய தொட்டியில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, ஐந்தாண்டுகள் நீர் மட்டும் விட்டு வளர்த்தார். மரம் 169 பவுண்டு ஆனது. மண்ணில் குறைந்தது 2 அவுன்ஸ்தான். மரம் முழுவதும் நீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவுகட்டினார். அவர் இறந்தபின் 1648-இல் அது அச்சில் வந்தது. அளந்தது சரி, காற்றிலிருந்த கார்பன் டை ஆக்சைடு அவர் கணக்கில் வரவில்லை. பிள்ளைகளுக்கு இந்தக் கதை மிகவும் பிடித்தது. "அவரும் தப்பா சொல்லிட்டாரா டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். 'அவரும்' என்பதில் உள்ள 'உம்' எனக்குப் புரிந்தது.

இன்னொருவர் இங்கிலாந்தின் டெடிங்டன் ஊர்ப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ். 1724-இல் மூன்றரை அடி உயரச் சூரியகாந்திச் செடி இருந்த தொட்டியின் வாயை ஈயத் தகட்டால் மூடி, 15 நாட்கள் காலையும் மாலையும் எடைபோட்டார். பகல் 12 மணி நேரத்தில் செடி சராசரியாக 1 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 570 கிராம் நீரை வெளியேற்றியது. 1727-இல் வெளிவந்த அவருடைய நூலில் இது இருக்கிறது. நீராவிப்போக்குப் பாடத்தை இதைவிட எளிதாகத் தொடங்க வழி எனக்குத் தெரியவில்லை.

நாங்களும் எடைபோட்டோம். 10 லிட்டர் பெயிண்ட் வாளியில் காய்க்கும் பருவத்துக் கத்தரிச்செடி. நீர் ஊற்றி வடிந்ததும் 10 கிலோ 400 கிராம். ஊற்றாமல் விட்டு, இலை தொங்கத் தொடங்கியபோது 8 கிலோ 100. ஆக அந்த வாளி பிடித்துவைத்துச் செடிக்குக் கொடுக்கக்கூடிய நீர் இரண்டேகால் லிட்டர்தான். வெயில் நாளில் அரைக் கிலோவுக்கு மேல் குறைந்தது. மேகமூட்டமான நாளில் கால் கிலோ. ஒரு வாளியின் மண்ணை மட்டும் பாலித்தீன் தாளால் மூடித் தண்டைச் சுற்றிக் கட்டினோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மண்ணிலிருந்து நேராக ஆவியானது. ஹேல்ஸ் எதற்குத் தகடு வைத்தார் என்று நான் விளக்க வேண்டிய தேவையே வரவில்லை.

ஆறாம் வகுப்பு அறிவியலின் முதல் பாடம் அளவீடுகள். அந்தப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டோம். இரண்டு வாரம் எடைபோட்டதும் ஒரு மாற்றம் தெரிந்தது: தராசில் மாட்டுவதற்கு முன்பே, தூக்கிப் பார்த்து எடை சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அதன்பின் தராசு வாரம் ஒருநாள்தான். மற்ற நாட்களில் தூக்கிப் பார்த்து, இலேசாக இருந்தால் நீர். கனமாக இருந்தால் விட்டுவிட வேண்டும். பெரிய வாளியைச் சிறு பிள்ளைகள் தூக்கக் கூடாது; விளிம்பைப் பிடித்து இலேசாகச் சாய்த்துப் பார்த்தாலே தெரியும். ஊற்றும்போது அடித்துளையில் நீர் வரும்வரை ஊற்ற வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் மேல்வேர் மட்டுமே நனையும்.

கைராசி இல்லை என்று ஒதுங்கிய மாணவிக்கு நான் வேறு நாற்று கொடுக்கவில்லை. எடைப் பதிவேட்டை எழுதும் வேலையைக் கொடுத்தேன். மூன்றாவது வாரம் அவளாகவே ஒரு மிளகாய் நாற்றைக் கேட்டு வாங்கிப்போய் நட்டாள்.

உப்பும் வெயிலும்

எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினநீர். சில மாதங்களில் மண்தொட்டிகளின் வெளிப்புறத்தில் வெள்ளைப் படலம் பூத்தது. மண்தொட்டி நுண்துளைகள் வழியே நீரைக் கசியவிடுகிறது. நீர் ஆவியாகி உப்பு தங்குகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான் என்பதால் இரண்டையும் சேர்த்தே நடத்தினேன். பிளாஸ்டிக் வாளியில் வெளியே தெரியாது. உப்பு மண்ணுக்குள்ளேயே சேரும், இலை நுனி கருகும். மாதம் ஒருமுறை அடியில் நன்றாக வழிந்தோடும்படி நீர் விட்டு அலசுகிறோம். மழைநாளில் எல்லாத் தொட்டிகளையும் திறந்தவெளிக்கு நகர்த்துகிறோம். இப்படி அலசும்போது உரமும் போய்விடும். எனவே பத்து நாளுக்கு ஒருமுறை, ஊறவைத்த கடலைப் பிண்ணாக்குத் தண்ணீரைப் பத்து மடங்கு நீரில் கலந்து கொடுக்கிறோம்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கும் பழக்கத்தை விட்டுவிட்டோம். தட்டில் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். மிச்சத் தண்ணீர் வாளிக்கு மூடி போட்டதும், அதை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுவதும் இதற்காகவே.

கோடை விடுமுறைதான் பெரிய சோதனை. சேலத்து ஏப்ரல், மே வெயிலில் சிமெண்டுத் தளத்தில் நிற்கும் கறுப்பு வாளியை வெறுங்கையால் தொட முடியாது. உள்ளே வேரின் கதியை நினைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் வேப்பமர நிழலுக்கு நகர்த்தி நெருக்கமாக வைத்தோம். மேலே இரண்டு அங்குலம் சருகு மூடாக்கு. பழைய வேட்டியைக் கிழித்துத் திரியாக முறுக்கி, ஒரு முனையை நீர் வாளியிலும் மறுமுனையைத் தொட்டி மண்ணிலும் புதைத்தோம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற அதே நுண்புழை ஏற்றம். முதல் முயற்சியில் நீர் வாளியை மேடைமேல், தொட்டியைக் கீழே வைத்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் வாளி காலி, தொட்டி குளம். நீர் மட்டம் தொட்டி மண்ணைவிட உயரத்தில் இருந்தால் திரி நீரைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். வாளியின் நீர் மட்டம் மண்ணுக்குச் சற்றுக் கீழே இருப்பதுதான் சரி.

20 லிட்டர் நீர், இரண்டு செடிகள், செடிக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் என்றால் 20 நாள். விடுமுறை அதைவிட நீளம் என்று பிள்ளைகளே கணக்குப் போட்டார்கள். பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் இருவர் இடையில் வந்து நிரப்புவதாக ஏற்றுக்கொண்டார்கள்; சிலர் தங்கள் தொட்டியை வீட்டுக்கே கொண்டுபோனார்கள். ஜூனில் பள்ளி திறந்தபோது கத்தரியும் மிளகாயும் பெரும்பாலும் பிழைத்திருந்தன. தக்காளி பிழைத்தும் காய்க்கவில்லை. கடும் வெயிலிலும் இரவுப் புழுக்கத்திலும் அதற்குப் பூ உதிர்ந்துவிடும். தொட்டியில் என்ன செய்தாலும் அதை மாற்ற முடியாது. அதனால் இந்த ஆண்டு தக்காளியை ஜூலையில் விதைத்திருக்கிறோம்.

அந்த மாணவி இப்போது எட்டாம் வகுப்பு. தன் மிளகாய் வாளியின் பக்கவாட்டில் ஆணியால் இரண்டு எண்கள் கீறி வைத்திருக்கிறாள்: மேலே நீர் நிறைந்த எடை, கீழே வாடும் எடை. போன வாரம் முதல் வகுப்புக் குழந்தை ஒன்று வாடிய நாற்றைத் தூக்கிக்கொண்டு அழுதபடி வந்தது. நான் எழுந்து போவதற்குள் இவள் அந்தத் தொட்டியை வாங்கிக் கவிழ்த்து அடித்துளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.